நிறுத்துங்க சார்

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த அன்று அதற்கு மாலை போட்டோம். லாரிக்கும் தறிக்கும் பொட்டு வைக்கிற ஊரில் போர்டை மட்டும் வெறும் நெற்றியோடு விட யாருக்கும் மனசு வரவில்லை. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைக்க விரலை அழுத்தியபோது எங்கேயோ பட்டு எதுவோ திறந்து, யாருடைய நாட்டுக் கடலோ பெரிய சத்தத்தோடு வகுப்புக்குள் வந்து விழுந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்கள். நனைந்துவிடும் என்று.

தொட்டால் ஓடும். மறுபடி தொட்டால் நிற்கும். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் அதிகம் சொன்ன சொல் 'தொடாதீங்க' என்பதாகத்தான் இருக்கும்.

நான் சமூக அறிவியல் எடுக்கிறவன். சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர் ஒன்றுக்குத் தினமும் பஸ் ஏறுகிறேன். சங்ககிரி தாண்டினால் பூமி தட்டையாகிவிடும். மரவள்ளிக்காடு, கோழிப்பண்ணை, பாதி கட்டிய லாரிகளின் எலும்புக்கூடு, மறுபடி மரவள்ளிக்காடு. ஓர் இடத்தில் நிலைத்து உட்காரத் தெரியாத எனக்கு இந்தச் சமவெளி ஒரு தண்டனை மாதிரியும் தெரியும், சில நாள் மன்னிப்பு மாதிரியும் தெரியும். பஸ் முழுக்கக் கட்டைவிரல்கள் படங்களைத் தள்ளிக்கொண்டே வரும். சிரிப்பு, அழுகை, சமையல், விபத்து, சாமி. எல்லாம் மேலே போகும். எதுவும் யாரிடமும் தங்காது. என்னிடமும்தான்.

போர்டிலும் அதுவே நடந்தது. வெளிச்சம் வராமலிருக்க சன்னலுக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பழைய சேலை கொண்டுவந்து கட்டினார்கள். நீலச் சேலை. அது கட்டியதும் வகுப்பே தண்ணீருக்கடியில் இருப்பது போலாகிவிடும். அந்தத் தண்ணீருக்கடியில் எரிமலை காட்டினேன், பனிமலை காட்டினேன், பாலைவனம் காட்டினேன். படத்தில் ஒருவர் பூமியில் யாருமே பேசாத ஒரு தமிழில் விளக்கம் சொல்வார். முதல் வாரம் பிள்ளைகளின் வாய் பிளந்திருந்தது. இரண்டாம் வாரமும் பிளந்திருந்தது, கொட்டாவியில்.

"என்ன பாத்தீங்க?"

"எரிமலைங்க சார்."

"எரிமலையில என்ன பாத்தீங்க?"

"எரிமலைதானுங்க சார்."

அதனால் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். படம் ஓடும்போது ஏதாவது கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கி 'நிறுத்துங்க சார்' என்று சொல்லலாம். நான் நிறுத்தியாக வேண்டும். நிறுத்திவிட்டு 'என்ன தெரியுது?' என்று கேட்பேன். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். நோட்டில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் 'பார்த்தது', அந்தப் பக்கம் 'நினைத்தது'. இரண்டும் கலக்கக் கூடாது.

முதலில் கேலிதான் நடந்தது. கடைசி பெஞ்சில் ஒருவன். படத்தை நிறுத்தச் சொல்லி எழுந்து, "அந்த வெள்ளைக்காரனுக்கு மூக்கு ஒழுகுதுங்க சார்" என்றான். உண்மையிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. பனிமலையில் நிற்கிறவனுக்கு ஒழுகாமல் என்ன செய்யும்? 'பார்த்தது' பக்கத்தில் எழுதச் சொன்னேன். அன்றிலிருந்து வகுப்பு விழித்துக்கொண்டது. ஆறு நிமிடப் படம் இரண்டு பீரியட் ஓடியது.

ஒன்பதாம் வகுப்பு அது. சன்னல் ஓரம் இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண். அடிக்கடி கை தூக்க மாட்டாள். தூக்கினால் அங்கே ஏதோ இருக்கும். பாலைவனப் படத்தில் ஒருமுறை நிறுத்தச் சொன்னாள். "ஒட்டகத்துக்கு நெழலே இல்லீங்க சார். உச்சி வெயிலு." நிழல் இல்லாதது பார்த்தது, உச்சி வெயில் என்பது நினைத்தது என்று பிரித்துச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் பொறுமையாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எழுதினாள். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

எரிமலைப் படம் இரண்டாம் முறை ஓடிய நாளில் கடைசி பெஞ்சு மூக்குக்காரன் கேட்டான், "சார், அங்க போர் போட்டா சுடுதண்ணி வருமுங்களா?"

"உங்கொப்பன் வண்டியக் கொண்டுபோயிப் போட்டுப் பாருடா. தொளைக்கற பிட்டே உருகி ஓடீரும்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

இங்கே பல வீடுகளில் யாராவது ஒருவர் ரிக் வண்டியோடு போயிருப்பார். பூமியைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போடும் வண்டி. வடக்கே எந்த மாநிலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். தலைநகரம் கேட்டால் தெரியாது. அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு சன்னலோரப் பெண் எழுந்து சொன்னாள்:

"எங்கப்பா மத்தியப் பிரதேசத்துல போர் வண்டியில இருக்கறாருங்க சார். கீழ போகப் போக மண்ணு நெறம் மாறிட்டே இருக்குமாம். எங்கப்பாவ வேணா வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லட்டுங்களா?"

நானே அவரைக் கூப்பிட்டேன். பின்னணியில் இயந்திர இரைச்சல். "வாத்தியாருங்களா? பாப்பா ஏதாச்சும் தப்புத் தண்டா பண்ணிருச்சுங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னதும், "நம்மளப் பாத்து புள்ளைங்க படிக்கறதாங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வெட்கம் இருந்தது, வெட்கத்துக்குக் கீழே ஈரம்.

படங்கள் வரத் தொடங்கின. முகம் இருக்காது, குரல் மட்டும். "புள்ளைங்களா, நல்லாப் பாத்துக்கோங்க. இது மேல் மண்ணு, கரிசலு. காலு வெச்சா செருப்பப் புடுங்கிக்கும்." ஒரு தகர மூடியில் மண். அதைச் சுட்டிக்காட்டும் ஒரு வலது கை. அடுத்த நாள் மஞ்சளாக உதிரி மண். அதற்கடுத்த நாள் பாறையின் கருந்தூள். "இனி பாறைய ஒடைக்கற சம்மட்டி எறங்கும் பாருங்க, காதப் பொத்திக்கோங்க." பிள்ளைகள் நிஜமாகவே காதைப் பொத்தினார்கள். பாடப்புத்தகத்தில் பாறை அடுக்கு என்று நான்கு வண்ணத்தில் ஒரு கேக் துண்டு வரைந்திருப்பார்கள். அதைத் திறந்து பார்க்கக்கூட இல்லை நாங்கள். நீலச் சேலை வெளிச்சத்தில் பூமி அடியடியாக எங்களுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. வாத்தியாராக நான் எதையாவது உருப்படியாகச் செய்தேன் என்றால் அந்த இரண்டு வாரம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நீங்களும் படத்துல வாங்க. புள்ளைங்க உங்களைப் பாக்கணும்ங்கறாங்க" என்று அவரிடம் சொன்னவன் நான்தான். வேறு யாரும் கேட்கவில்லை. அவர் மகள்கூடக் கேட்கவில்லை.

"நா எதுக்குங்க சார். அழுக்கும் தூசியுமா இருக்கறனுங்க."

"அப்படியே வாங்க. அதுதான் வேணும்."

"எடுக்கறதுக்கு ஆளு வேணுமுங்க."

"கூட வேலை செய்யறவங்ககிட்ட போனைக் குடுங்க."

இழுத்தார். நான் விடவில்லை. அவர் தயங்கியதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். நோட்டில் கோடு போடச் சொல்கிற நான், அன்று கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை காலை படம் வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு, வெயில் விழுந்த போனில், உள்ளங்கை அளவில் பார்த்தேன். ஓர் ஆள், ஒரு வண்டி, புகை மாதிரித் தூசி. போதும் என்று போனைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒருமுறை பெரிதாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எத்தனை முறை இதை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

மூன்றாவது பீரியட். சேலையை இழுத்துவிட்டோம். போர்டில் அவர் வந்து நின்றார், கதவு உயரத்துக்கு. தலையில் துண்டு, மூக்கு நுனிவரை தூசி, பல் மட்டும் வெள்ளை. வகுப்பு விசில் அடித்தது. "ஏய், உங்கொப்பன் சினிமாவுல வந்துட்டாருடி!" அவள் சிரிப்பை அடக்கத் தெரியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் வண்டியைக் காட்டிக் காட்டிப் பேசினார்.

"கலெக்டர் மாதிரி நிக்கறாருங்க சார்" என்றான் மூக்குக்காரன். எல்லாரும் சிரித்தோம். நானும்.

சம்மட்டிச் சத்தம் மாறியது. வண்டியின் மேலிருந்து யாரோ கத்தினார்கள். குழியின் வாயிலிருந்து தூள் பீறிட்டது. ரிக் வண்டி ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாறைத்தூள் மாறி வருகிறதென்றால் ஓடிப்போய் இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கட்டைவிரலால் தேய்ப்பார்கள். உருண்டு வந்தால் ஈரம் பக்கத்தில் இருக்கிறது. உதிர்ந்தால் இல்லை. யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். அவருக்கும் போனது. முதுகுக்குப் பின்னால் இருந்த கை முன்னால் வந்தது, ஏந்தியது, வலது கை தேய்த்தது. பிறகு எதுவோ நினைவு வந்தது போல் சட்டென்று பின்னால் போய்விட்டது. இரண்டு நொடி இருக்கும்.

இதெல்லாம் பிறகு பார்த்துச் சொல்வது. அந்த நேரத்தில் நான் போர்டுக்கு முதுகைக் காட்டிப் பிள்ளைகளின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துங்க சார்."

அவள் கை மேலே இருந்தது. நான் திரும்பி, பழக்கப்படி விரலால் படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்தினேன். நிறுத்திய வேகத்தில் மறுபடி அவர்கள் பக்கம் திரும்பிவிட்டேன். திரும்பிக்கொண்டே, அதுவும் பழக்கப்படி, கேட்டேன்:

"என்ன தெரியுது?"

அவள் எழுந்து நின்றாள். சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் குனிந்துகொண்டாள். பின்னால் மூக்குக்காரன் வாயைத் திறந்து, மூடினான். அப்போதுதான் நான் போர்டைப் பார்த்தேன்.

முறம் அளவுக்கு ஓர் உள்ளங்கை. அதில் சாம்பல் தூள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இருக்க வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். கட்டு இல்லை. ஆறி நாளாகியிருந்தது.

"தூளுங்க சார்" என்றாள் அவள். "சாம்பல் நெறத்துல தூளு."

"உட்காரும்மா" என்றேன்.

போர்டைத் தொட்டேன். படம் ஓடியது. ஒருவரும் அதன்பிறகு நிறுத்தச் சொல்லவில்லை. பார்த்ததை அப்படியே சொல்ல நான் மாதக்கணக்கில் பழக்கியிருந்தேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் வேப்பமரத்தடியில் நின்று அவரைக் கூப்பிட்டேன்.

"பாப்பா பாத்துருச்சுங்களா?" என்றுதான் கேட்டார். எதைப் பார்த்தது என்று கேட்கவில்லை.

"பாத்துருச்சுங்க."

இயந்திரச் சத்தத்திலிருந்து தள்ளி நடந்து வந்து பேசினார்.

"பொரட்டாசியிலீங்க சார். தொளைக்கற ராடு மாட்டயில கை மேல எறங்கிருச்சு. ரெண்டு வெரலுதானுங்க, வேலைக்கு ஒண்ணும் தொந்தரவில்லீங்க. ஊட்டுல பாப்பா அம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. தெரிஞ்சா அவ இனி என்னைய வண்டிக்கே உட மாட்டா. எனக்கு வேற வேல தெரியாதுங்க. பொங்கலுக்கு வாரேன், நானே நேர்ல சொல்லிக்கறேன்." மூச்சு வாங்கினார். "பாப்பாகிட்ட, வீடியோவுல அப்பிடித் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க சார். தூளு மறைச்சிருச்சுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பிக்கும்."

நீங்கள் சொன்னால் நம்பும். என் இருபது வருட வேலைக்கு இதைவிட நல்ல சான்றிதழும் இல்லை, இதைவிடக் கெட்ட சான்றிதழும் இல்லை.

மறுநாள் சொன்னேன். வராந்தாவில், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில், நின்று சொல்ல முடியாமல் நடந்துகொண்டே சொன்னேன். வெளிச்சம், தூசி, கோணம் என்று என்னென்னவோ. படத்தில் தெரிவதெல்லாம் அப்படியே இருக்கும் என்றில்லை என்று.

"ஆமாங்க சார்" என்றாள்.

இங்கே பிள்ளைகள் எதற்கும் 'ஆமாங்க சார்' சொல்வார்கள். புரிந்தாலும், புரியாவிட்டாலும். இவள் சொன்ன ஆமாங்க சாரில் கதவு ஒன்று மெதுவாக, மரியாதையாக, சத்தம் வராமல் சாத்தப்பட்டது. அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பார்த்தது: சாம்பல் நிறத் தூள். நினைத்தது: ஒன்றுமில்லை. வெறும் தாள். அதற்கு ஒரு டிக் போட்டேன். வேறு என்ன போடுவது?

வீட்டில் அவள் அம்மாவோடு சேர்ந்து சாயங்காலம் அப்பாவிடம் வீடியோ காலில் பேசுவாள் என்பது எனக்குத் தெரியும். இனி அந்தச் சின்னத் திரையில் அவள் எதைப் பார்ப்பாள், எதைப் பார்க்காதது போல் இருப்பாள் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்தேன். ஒரு பிள்ளையின் கையில் இதைக் கொடுத்து அனுப்பியது நான். திரும்ப வாங்கிக்கொள்ள வழி தெரியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அவள் அம்மா வந்தார். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குகிற வேலை அவருக்கு. வேலைச் சேலையோடு நேரே வந்திருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, எங்கூட்டுக்காரரு இங்க பெரிய படத்துல வந்தாராமா? எங்க வளவு சனமே பேசுது. எனக்கொருக்காப் போட்டுக் காட்டப்படாதுங்களா?"

மகள் தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"போர்டு ரிப்பேருங்க" என்றேன்.

சொன்னதுதான் தாமதம், வகுப்பே என் உதவிக்கு வந்துவிட்டது. "ஆமாங்க அத்தை, எலி ஒயரக் கடிச்சுப்போட்டுது" என்றாள் ஒருத்தி. "காலையில பொகையே வந்துச்சுங்க" என்றான் இன்னொருவன். மூக்குக்காரன் எழுந்தே விட்டான். "எலியும் செத்துப்போச்சுங்க. நாந்தான் தூக்கி வீசுனேன்."

அந்த அம்மா சிரித்தார். "அடேயப்பா. எலிக்கு நல்லதா ஒரு கெதி பண்ணீட்டீங்க, சாமி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது.

"புள்ளைங்களச் சித்த வெளிய அனுப்புங்க."

போனார்கள். மகள் மட்டும் கதவருகே நின்றுகொண்டாள்.

"நா படம் பாக்க வல்லீங்க, கையப் பாக்க வந்தேன்" என்றார். "ஆடி நோம்பிக்கு வந்துட்டுப் போனப்ப நல்லாத்தான் போனாரு. முந்தியெல்லாம் போனை வண்டி மேல சாச்சு வெச்சுட்டு, சோறு தின்னுட்டே பேசுவாரு. ரெண்டு மாசமாப் போனை ஒரே கையில புடிச்ச புடி. கைய மாத்தறதே இல்லீங்க. கேட்டா வண்டி ஆடுதுங்கறாரு. பண்ணையில நானும் ஒத்தக் கையில அட்டையப் புடிச்சுட்டு ஒத்தக் கையில முட்டை பொறுக்கிப் பாத்தேன். எவ்வளவு நேரம் முடியும்? சித்த நேரத்துல கடுத்துப்போயி மாத்தித்தான ஆகோணும். மாத்தலீன்னா, மாத்தறதுக்குக் கையில என்னமோ ஆயிப்போச்சுன்னுதானுங்க அர்த்தம்?"

கோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் நினைத்தது. இவர் என் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை.

"நீங்க பாத்தீங்கல்ல? சொல்லுங்க. கையி இருக்குதுங்களா, இல்லீங்களா?"

கணவருக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கென்று சொல்லவில்லை, சரிங்க என்றுதான் சொன்னேன். இவர் என் முன்னால் நிற்கிறார், கையா இல்லையா என்று தெரியாமல். இரண்டு விரல்தான் என்று சொன்னால் ஒருவேளை நிம்மதியாகக்கூட இருக்கும். அல்லது சொன்ன நிமிடத்தில் அவருடைய வேலை போகும். வாயைத் திறந்தேன். பாறை அடுக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்த வாய்.

"போடுங்க சார்" என்றாள் மகள், கதவருகிலிருந்து.

போட்டேன். சேலையை அவளே இழுத்துவிட்டாள். போர்டு உயிர்பெறும் முன் ஒரு வட்டம் சுற்றும். அது அன்று நெடுநேரம் சுற்றியது. அவர் வந்தார். தூசியும் பல்லுமாக, இடது கையைப் பின்னால் மறைத்து. மனைவி தலைத்துண்டைப் பார்த்து, "அது என்ர துண்டு" என்றார், தனக்குத்தானே. சம்மட்டிச் சத்தம் மாறியது. மேலிருந்து கத்தினார்கள். தூள் பீறிட்டது.

மகள் கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குவது போலவே, நேராக.

"நிறுத்துங்க சார்."

நிறுத்தினேன். இந்தமுறை நான் எதுவும் கேட்கவில்லை.

அந்த அம்மா பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தார். போர்டுக்கு மிக அருகில் நின்றார். ஒவ்வொன்றாக எண்ணினார் போலிருக்கிறது, உதடு அசைந்தது. அவர் கை மேலே எழுந்ததைப் பார்த்தேன். 'தொடாதீங்க' என்ற சொல் என் தொண்டைவரை வந்தது. ஆண்டு முழுக்கச் சொன்ன சொல். அதைப்போய் அவரிடம் எப்படிச் சொல்வது?

முட்டையைத் தொடுகிறவர் தொடுவது போல, விரல் நுனியால், அந்த இளஞ்சிவப்புத் தோலின்மேல் தொட்டார்.

படம் ஓடத் தொடங்கியது. கை அவர் விரலுக்கடியிலிருந்து நழுவி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அவர் பதறிக் கையை எடுத்தார். போர்டில் அவர் கணவர் எங்கள் எல்லோரையும் பார்த்து வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு, "ஈரம் இருக்குதுங்க புள்ளைங்களா, இன்னங் கொஞ்சம் போனாத் தண்ணி வந்துரும்" என்றார்.